உரோமப் பொற்காசு உருவங்களும் தமிழ் விளக்கச் சொற்களும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

திருச்சானூரில் கார்த்திகைப் பெருவிழாவின்போது பத்மாவதித் தாயார் யானை ஊர்தியில் எழுந்தருளும் நாளில், திருமலையிலிருந்து இலக்குமி காசுமாலை கொண்டுவரப்பெற்று அணிவிக்கப்பெறுகிறது. ஆயிரத்தெட்டுப் பொற்காசுகள் கோத்த மாலை அது. காசுதோறும் திருமகள் உருவம் உண்டு. தெலுங்கில் இதனை 'லட்சுமி காசுல ஹாரம்' என்பர். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழ் பேசும் வீடுகளில் 'காசுமாலை' என்றும், தெலுங்கு பேசும் வீடுகளில் 'காசுலபேரு' என்றும் வழங்கும் அணிகலன் இதன் வீட்டு வடிவம் எனலாம். இருமொழியினரும் 'காசு' என்னும் ஒரே சொல்லால் பணத்தையும் அணியையும் குறிக்கின்றனர்.

இம்மாலையைக் கண்டு பழகிய ஒருவர் உரோமப் பேரரசர் டைபீரியசின் பொற்காசு ஒன்றை முதன்முறையாகக் காண்பதாகக் கொள்வோம். ஒரு பக்கத்தில் ஓர் ஆடவனின் தலை. மறுபக்கத்தில், இருக்கையில் அமர்ந்து ஒரு கையில் நீண்ட கோலும் மறுகையில் மரக்கிளையும் ஏந்திய பெண். அவர் அப்பெண்ணை 'இலக்குமி' என்று சொல்லிவிடுதல் இயல்பே. ஆனால் காட்சிக்கூட விளக்க அட்டை எழுதுவோரும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே எழுதத் தொடங்கின், அதனை இயல்பு என்று விட்டுவிட இயலாது. அங்குச் சொல் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தென்னிந்தியாவில் கிடைத்த உரோமப் பொற்காசுகளைப் பற்றிய விளக்கங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வந்துள்ளன. தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் அவற்றைத் தழுவியவை. இக்கட்டுரை தனி நூல் எதனையும் மதிப்பிட வந்ததன்று. அவ்விளக்க மரபையும், அதனைத் தமிழாக்கும்போது நாம் தேர்ந்துகொள்ளும் சொற்களையும் மதிப்பிட முற்படுவது. காசின் உருவத்தை விளக்கும்போது மூன்று செய்திகளைப் பிரித்தறிய வேண்டும் என்பது இதன் கருத்து. காசில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. காசின் எழுத்து சொல்வது மற்றொன்று. காசுக்கு இம்மண்ணில் நேர்ந்தது மூன்றாவது. இம்மூன்றையும் ஒரு சொல்லுள் அடக்க முயல்வதே நம் விளக்கங்களின் பெருங்குறை.

இவ்வாய்வுக்குத் திருப்பதிப் பகுதியைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. வட ஆர்க்காட்டின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 2022இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது, பழைய நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதிகள் அதனுடன் சேர்ந்தன. கல்வெட்டில் தமிழும் வழக்கில் தெலுங்குமாக இருமொழியும் நெடுங்காலம் ஒன்றையொன்று தழுவி நிற்கும் நிலம் இது. உரோமப் பொற்காசுகள் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று எழுந்ததும் இதற்கு வடக்கே, நெல்லூர்ப் பக்கத்தில்தான்.

காசு என்னும் சொல்

உரோமர் தம் பொற்காசை 'அவுரேயுஸ்' என்றனர். 'பொன்னாலானது' என்னும் பொருளுடைய பெயரடை அது. 'காசு' என்னும் பொருளுடைய சொல் மறைய, அடையே பெயராயிற்று. தமிழிலும் 'பொன்' என்னும் உலோகப் பெயர் நாணயத்தின் பெயராயிற்று என்பது ஒப்பு நோக்கத்தக்கது. அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோமப் பவுண்டுப் பொன்னுக்கு 40 காசு என்னும் அளவில் அடிக்கப்பட்ட இக்காசு, நீரோ கி.பி. 64இல் செய்த மாற்றத்துக்குப்பின் 45 காசு என்னும் அளவுக்கு இறங்கியது. எனவே காசைக் கைமாற்றுவோருக்கு அதன் தலை யாருடையது என்பது எடையையும் அறிவிக்கும் குறியாகும்.

தமிழ்க் 'காசு' தொடக்கத்திலிருந்தே கோக்கப்படும் பொருளாகவும் காட்சி தருகிறது. குறுந்தொகை 67ஆம் பாட்டு, கிளி தன் அலகில் பற்றிய வேப்பம்பழத்தை, புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தால் ஒருவன் பிடித்திருக்கும் பொன்னணிக் காசுக்கு உவமிக்கிறது. அக்காசு நாணயமா, மணியா என்பதில் கருத்து வேறுபடலாம். அது கழுத்துக்கோ இடைக்கோ உரிய அணியின் உறுப்பு என்பதில் ஐயமில்லை. திருப்பாவை ஏழாம் பாசுரத்தில் தயிர் கடையும் ஆய்ச்சியர் அணியாகக் 'காசு' வருகிறது. வைணவ உரைகாரர் அதற்கு 'அச்சுத்தாலி' என்று பொருள் கூறுவர். அச்சில் அடித்ததும் தாலியாகத் தொங்குவதுமான ஒன்றை அவ்வுரை ஒரே தொடரில் காட்டிவிடுகிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுவதால், இப்பகுதியில் இச்சொல் ஏட்டளவில் நின்றுவிட்டதும் அன்று.

பிற மொழிகளிலும் காசுக்கும் கழுத்துக்கும் இடையே இப்போக்குவரவு உண்டு. வடமொழி 'நிஷ்கம்' வேத வழக்கில் கழுத்தணி, பின்னர் நாணயம். நம் காலத்தில் அமெரிக்க நாணயத்தின் பெயரான 'டாலர்' தமிழிலும் தெலுங்கிலும் சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைக் குறிக்கிறது. வேங்கடவன் உருவம் பொறித்துத் திருமலையில் தேவஸ்தானம் விற்கும் பொற்பதக்கத்துக்கும் அதுவே பெயர். நிஷ்கம் அணியிலிருந்து நாணயத்துக்குச் சென்றது. டாலர் நாணயத்திலிருந்து அணிக்கு வந்தது.

உரோம நாணயப் பெயர் ஒன்று ஆந்திர நாட்டுக் கல்வெட்டில் நேராகவே இடம் பெற்றுள்ளது. நாகார்ச்சுனகொண்டாவில் இக்குவாகு மன்னன் வீரபுருடதத்தனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, உச்சயினி அரசமகள் உருத்திரதர பட்டாரிகை தூண் ஒன்றுக்காக 170 'தீனாரி மாசகம்' வழங்கியதைக் கூறுகிறது. 'தெனாரியுஸ்' என்னும் இலத்தீன் சொல் கிரேக்கத்தின் வழியே வந்து பிராகிருதத்தில் இவ்வடிவம் பெற்றது. இலத்தீனில் அது வெள்ளிக் காசின் பெயர். இந்திய வழக்கில் 'தீனாரம்' பொற்காசைக் குறிக்கலாயிற்று. சொல் கடல் கடந்தபோது பொருளும் மாறிற்று. காசின் உருவமும் அவ்வாறு மாறியிருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். எந்தத் திசையில் மாறியது என்பதைச் சான்றே சொல்ல வேண்டும்.

நெல்லூர்ப் பதிவு

1786இல் நெல்லூருக்கு அருகே ஓர் உழவரின் ஏர் செங்கற் கட்டடத்தில் தட்டி நின்றது. அவர் தோண்டியபோது சிறு கோயில் ஒன்றின் எச்சமும், அதன்கீழ் உரோமக் காசுகள் அடங்கிய சிறு பானையும் வெளிப்பட்டன. அவர் அவற்றைப் பழம்பொன்னாக விற்றார்; பல உருக்கப்பட்டன. ஆர்க்காட்டு நவாபின் மகன் அமீர் உல் உமரா முப்பதுக்கு மேற்பட்டவற்றை மீட்டார். அவற்றுள் இரண்டைத் தமக்கெனத் தேர்ந்த சென்னை ஆளுநர் அலெக்சாண்டர் டேவிட்சன் இச்செய்தியைக் கடிதமாக எழுதினார். ஆசியக் கழகத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இரண்டாம் தொகுதியில் (1790) அது வெளியாயிற்று. பெரும்பாலானவை டிராஜன், ஹேட்ரியன், ஃபாஸ்டினா ஆகியோருக்குரியவை.

இக்கடிதத்தின் சிறப்பு, காசுகளின் நிலையை அது கருத்தூன்றிக் கூறுவதாகும். சில காசுகள் அன்றுதான் அச்சிலிருந்து வந்தவை போன்று புதுமை குன்றாதிருந்தன என்றும், சில பெரிதும் உருக்குலைந்தும் துளையிடப்பட்டும் இருந்தமையால் கையிலோ கழுத்திலோ அணியப்பட்டிருக்கலாம் என்றும் டேவிட்சன் எழுதுகிறார். காசியல் என்னும் துறை இந்நாட்டில் வேரூன்றுவதற்கு முன்னரே, காசின் இரண்டாம் வாழ்வை ஒருவர் கண்டு எழுதியுள்ளார்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவது இங்கேதான். 'உருக்குலைந்த' என்று மேலே நாம் தந்த இடத்தில், முகம் என்னும் சொல்லைத் தன்னகத்தே கொண்ட ஆங்கில எச்சம் ஒன்று உள்ளது. அதனைச் சொற்பகுதிக்குச் சொற்பகுதியாகப் பெயர்த்து 'முகம் சிதைக்கப்பட்ட' என்று எழுதினால் இரண்டு புதிய செய்திகள் நுழைந்துவிடும். ஒன்று, சிதைவு பேரரசரின் முகத்தில் இருந்தது என்பது. மற்றொன்று, யாரோ அதனை வேண்டுமென்றே செய்தனர் என்பது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் தேய்ந்து உருமங்கிய பொருளையும் குறிக்கும்; எந்தக் கையின் செயலையும் அது தானாகவே சுட்டவில்லை. தமிழில் செயப்பாட்டு வினை வந்தவுடன் படிப்பவர் செய்தவனைத் தேடத் தொடங்குவார். 'உருமங்கிய' என்னும் தன்வினை எச்சமே இங்குப் பொருந்துவது. ஒரு பிறவினை விகுதி வரலாற்றில் ஒரு குற்றவாளியை உண்டாக்கிவிடக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

டேவிட்சனின் பதிவில் குறையும் உண்டு. ஃபாஸ்டினா என்னும் பெயர் பேரரசர் அந்தோனினஸ் பையசின் தேவிக்கும் அவர்தம் மகளுக்கும் உரியது. தாய் இறந்தபின் அவர் நினைவாக வெளியான காசுகளில் பெயருக்கு முன் 'திவா' என்னும் அடை நிற்கும். கடிதம் பெயரைத் தருகிறது; எழுத்தைத் தரவில்லை. ஒரு காசைப் பற்றி எழுதுவோர் தாம் அறிந்ததை எழுதுவதற்கு முன்னர், காசில் உள்ளதை உள்ளவாறு எழுத வேண்டும் என்பதை இக்குறை உணர்த்துகிறது.

பின்வந்த அறிஞர்கள் வேறு வினாக்களை முன்னிறுத்தினர். ராபர்ட் சீவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைத் தொகுத்தபோது, அவர் நாடியது வணிகத்தின் ஏற்ற இறக்கமும் அதன் காலப் பகுப்புமே. டி.ஜி. அரவமுதன் 1942இல் வெளியிட்ட சென்னை அரசு அருங்காட்சியகக் காசு விளக்கப் பட்டியலும், பவுலா டர்னர் 1989இல் வெளியிட்ட தொகுப்பும் இத்துறைக்கு அடிப்படை நூல்கள். டர்னர் காசுகளின் மேலுள்ள வெட்டுகளையும் குறிகளையும் தனியே ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் இவ்வாறு விரிந்த பார்வை, தமிழ் விளக்கங்களில் 'யவனர் கொணர்ந்த பொன்' என்னும் ஒற்றைத் தொடராகச் சுருங்கிவிடுதலை அடிக்கடி காண்கிறோம்.

உருவத்துக்குப் பெயரிடல்

டைபீரியஸ் காசில் அமர்ந்துள்ள பெண்ணுக்குத் திரும்புவோம். அப்பக்கத்து எழுத்து 'பொந்திப் மாக்சிம்' என்பது. அது பேரரசர் வகித்த தலைமைப் பூசகர் பதவியின் பெயர். பெண்ணின் பெயர் அன்று. அவள் பேரரசரின் தாய் லிவியா என்றும், அமைதித் தெய்வமாகிய பாக்ஸ் என்றும், அவ்வுருவில் தோன்றும் லிவியா என்றும் அறிஞர் கூறுவது கிளையையும் கோலையும் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுக் கண்ட முடிவு. காசு தானே சொல்வதும் அறிஞர் காண்பதும் வேறு. தமிழ் விளக்கம் 'லிவியா' என்று தொடங்கினாலும் 'இலக்குமி' என்று தொடங்கினாலும் இவ்வேறுபாடு அழிகிறது. பின்னது தவறான பெயர் என்பது மட்டுமே இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை.

பெயர் எழுத்திலேயே தரப்பட்ட உருவங்கள் வேறுவகைச் சிக்கலை எழுப்புகின்றன. விக்தோரியா, கொன்கோர்தியா, பியேதாஸ், சாலுஸ், ஏத்தெர்னிதாஸ் ஆகியவை வெற்றி, ஒற்றுமை, கடமைப்பற்று, நலம், நிலைபேறு என்னும் பண்புப் பெயர்கள். இலத்தீனில் இவை யாவும் இலக்கணப் பெண்பாற் சொற்கள். எனவே பெண்ணுருக் கொண்டன. தமிழில் பண்புப் பெயர் அஃறிணை. 'வெற்றி வந்தாள்' என்று எழுதுவதற்குத் திணை வழுவமைதி வேண்டும். இதனைத் தவிர்க்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் ஆயத்தமாக உள்ள பெண் தெய்வப் பெயர் ஒன்றைத் தேடுகிறார். விக்தோரியா கொற்றவை ஆகிவிடுகிறாள்.

கொற்றவை பாலை நிலத்தோடும் வேட்டுவர் வழிபாட்டோடும் பிணைந்தவள். அவளுக்கெனத் தனி வரலாறும் உருவமும் உண்டு. விக்தோரியா சிறகுடையவள்; இலைமாலை ஏந்துபவள். பெயரை மாற்றின் சிறகை யாரும் தேடமாட்டார். இனி, இவ்வுரோம மகளிரை வெறும் உருவகம் என்று ஒதுக்குதலும் பிழையாகும். கொன்கோர்தியாவுக்கு உரோமில் கோயில் இருந்தது; அதனைப் புதுக்கிக் கி.பி. 10இல் திறந்து வைத்தவர் பின்னாளில் பேரரசரான டைபீரியசே. அகஸ்டசின் அமைதிக்கு எழுந்த பலிபீடம் கி.மு. 9இல் திறக்கப்பட்டது. வழிபாடு பெற்ற பண்புகள் இவை.

இதற்குரிய வழியைச் சோழர் மெய்க்கீர்த்திகள் காட்டுகின்றன. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி நிலத்தையும் போர்வெற்றியையும் செல்வத்தையும் அரசனின் தேவியராக்கித் தொடங்குகிறது. பண்பையோ பொருளையோ பெண்ணாக்கி அரசனுக்கு அருகில் நிறுத்தும் நெறி அது. 'நிலமகள்', 'கலைமகள்' என வழங்கும் '-மகள்' என்னும் இறுதி இதற்கென்றே அமைந்தது போன்றது. அது பண்பின் பெயரையும் மறைப்பதில்லை, தெய்வத் தன்மையையும் மறுப்பதில்லை. எனவே 'வெற்றிமகள்', 'ஒற்றுமைமகள்' என எழுதி, இலத்தீன் பெயரை உடன் தருவது தகும். பேரரசரின் பெயரும் பதவிகளும் ஒருபுறம், அவருக்குத் துணை நிற்கும் பண்புமகள் மறுபுறம் என்று அமைந்த உரோமக் காசு, பொன்னில் அடித்த சிறு மெய்க்கீர்த்தி போன்றது என்று கொண்டால், அதன் எழுத்தும் உருவமும் ஒன்றையொன்று நோக்கி நிற்பது விளங்கும்.

செடி கொடிகளின் பெயரிலும் இவ்விழிப்பு வேண்டும். பேரரசர் தலையிலுள்ள லாரல் இலைமாலையை 'வாகை மாலை' என்று தமிழாக்குவது பெருவழக்கு. வெற்றியைக் குறிக்கும் செயலால் இது பொருந்தும். ஆனால் வாகை சூடுவது பூ, லாரல் சூடுவது இலை. நீரோவின் தொடக்ககாலக் காசுகளில் ஓக்கு இலைமாலை உண்டு. அது குடிமகன் ஒருவனின் உயிரைக் காத்தவனுக்கு உரோமர் சூட்டிய சிறப்பு. இரண்டையும் 'வாகை' என்றால், கொன்றதற்கும் காத்ததற்கும் உரிய மாலைகள் ஒன்றாகிவிடும்.

எழுத்தும் வேற்றுமையும்

காசின் எழுத்து சுருக்கங்களால் ஆனது. அச்சுருக்கங்களுள்ளும் வேற்றுமை உருபு பொருள் தருகிறது. கிளாடியசின் காசுகளுள் ஒரு வகையில் சிறகுடைய பெண் ஒருத்தி, பாம்புகள் பின்னிய கோலைத் தரையிலுள்ள பாம்பை நோக்கிச் சாய்த்து நிற்கிறாள். எழுத்து 'பாகி அவுகுஸ்தே' என்பது. 'அகஸ்டசுக்குரிய அமைதி' என்று எழுவாயாக இதனை மொழிபெயர்ப்பது எளிது. ஆனால் சொல் நான்காம் வேற்றுமையில் உள்ளது: 'அகஸ்டசுக்குரிய அமைதிக்கு' என்பதே பொருள். காசு அமைதியைப் பெயரிட்டுக் காட்டவில்லை; அமைதிக்குப் படைக்கிறது. கல்வெட்டில் 'தேவர்க்கு' என வரும் கொடைத் தொடரைப் படித்துப் பழகியவர்க்கு இவ்வுருபின் எடை நன்கு தெரியும்.

'திவுஸ்' என்னும் சொல் இன்னும் கவனத்துக்குரியது. டைபீரியசின் காசு அவரை 'திவி அவுகுஸ்தி பிலியுஸ்' என்கிறது. 'கடவுள் அகஸ்டசின் மகன்' என்று பெயர்த்தால் இலத்தீனில் 'தேவுஸ்', 'திவுஸ்' என்னும் இரு சொற்களின் வேறுபாடு மறையும். அரச வழக்கில் பின்னது, இறந்தபின் மூதவையின் தீர்மானத்தால் தெய்வ நிலைக்கு உயர்த்தப்பட்டவரைக் குறிக்கும். 'தெய்வமாக்கப்பட்ட அகஸ்டசின் மகன்' என்பதே நேர்மையான பெயர்ப்பு. நெல்லூர்க் காசு பற்றிக் குறிப்பிட்ட 'திவா' என்னும் அடையும் இதன் பெண்பால் வடிவமே.

இவ்விடத்தில் நம் மரபிலிருந்து ஒப்புமை தேடும் ஆவல் எழும். காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாட்டில் முதலாம் ஆதித்த சோழனுக்கு அவன் மகன் பராந்தகன் எடுப்பித்த கோயில் உள்ளது. கல்வெட்டுகள் ஆதித்தனைத் 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' என்கின்றன. இறந்த தந்தை, நினைவுக் கோயில், அதனை எழுப்பிய மகன் என்னும் அளவில் ஒப்புமை உண்மையே. எனினும் தமிழ்த் தொடர் இறப்பைத் துயிலாகக் கூறி இடத்தைச் சுட்டுகிறது. இலத்தீன் சொல் இறந்தவரின் நிலையை அறிவிக்கிறது. ஒப்புமை விளக்கத்துக்கு உதவும். மொழிபெயர்ப்புச் சொல்லாக அதனைப் பயன்படுத்துதல் ஆகாது.

துளையும் வெட்டும்

காசின் இரு பக்கங்களுக்கும் மக்கள் வழக்கில் பெயர்கள் உண்டு. தமிழில் 'பூவா தலையா' என்பர். தெலுங்கில் 'பொம்மா பொருசா' என்பர். தெலுங்கில் 'பொம்ம' உருவமுள்ள பக்கம், 'பொருசு' மறுபக்கம். உரோமச் சிறுவரும் காசைச் சுண்டித் 'தலையா கப்பலா' என்று கேட்டனர் என மக்ரோபியஸ் குறித்துள்ளார். பழைய வெண்கலக் காசில் ஒருபுறம் சானுஸ் தெய்வத்தின் தலையும் மறுபுறம் கப்பல் முகப்பும் இருந்தமை அதற்குக் காரணம். ஆய்வுரைகளில் வரும் 'முன்புறம்', 'பின்புறம்' என்னும் சொற்கள் எது முன் என்பதை முன்னரே முடிவு செய்துவிடுகின்றன. 'தலைப்பக்கம்', 'பூப்பக்கம்' என்பவை அம்முடிவைச் செய்வதில்லை. அணியாக மாறிய காசில் எது முன் என்பதே கண்டறிய வேண்டிய செய்தி ஆதலின், இவ்வேறுபாடு சிறிதன்று.

இந்தியாவில் துளையிடப்பட்ட உரோமப் பொற்காசுகளில் துளை பெரும்பாலும் பேரரசரின் தலைக்கு மேலே அமைந்துள்ளது. அடுத்தடுத்து இரண்டு துளைகள் இடுவதும் இந்திய வழக்கு என ஆய்வாளர் கூறுவர். இவ்வாறு கோத்தால் தலை நிமிர்ந்து நிற்கும். இரண்டு துளைகள் இருப்பின் காசு திரும்பாமல் படிந்திருக்கும். பூப்பக்கத்துப் பெண்ணோ அணிபவரின் மார்பை நோக்கி மறைந்திருப்பாள். இரு பக்க அச்சுகளும் எதிரெதிராக அமைந்த காசாயின் தலைகீழாகவும் இருப்பாள்.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? மறுபக்கத்துப் பெண்ணை இந்நாட்டு மகளிர் திருமகளாகக் கருதி அணிந்தனர் என்னும் கருத்து கேட்க இனிமையானது. துளையின் இடம் அதற்குத் துணை நிற்கவில்லை. அவர்கள் வெளியே காட்ட விரும்பியது, பெயர் அறியாத அயல்நாட்டு ஆடவனின் தலையை. ஏன் விரும்பினர் என்பது தனி வினா. ஆனால் இலக்குமி என்று எழுதிவிட்ட விளக்கத்தில் அவ்வினா எழுவதற்கே இடமில்லை. காசுக்கு இம்மண்ணில் எழுந்த முதல் உரை அத்துளைதான். பிற்கால உரைகாரராகிய நாம் அதற்கு மாறாக உரை கூறுவதாயின் காரணம் காட்ட வேண்டும்.

வெட்டுகளுக்கும் இது பொருந்தும். புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளை ஜி.எப். ஹில் ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தடம் உள்ளது. தேய்ந்த காசை வழக்கிலிருந்து நீக்கிய குறி என்பது ஒரு கருத்து. அயல் மன்னனின் அதிகாரத்தை மறுத்த செயல் என்பது இன்னொரு கருத்து. 'வெட்டு' என்னும் சொல் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். 'சிதைப்பு' என்றால் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். 'செல்லாக் குறி' என்றால் முதலாவதன் பக்கம். துளையிட்டவர் தலையைக் காக்க விரும்பினார். வெட்டியவர் தலையையே தேர்ந்து வெட்டினார். இருவரும் நோக்கியது தலைப்பக்கத்தையே என்பது மட்டும் இவற்றால் உறுதியாகிறது.

போலி

உரோமக் காசைப் பார்த்து இந்நாட்டில் செய்யப்பட்ட காசுகளும் அணிகளும் உள்ளன. பொன்னாலேயே செய்த படிகள் உண்டு. டைபீரியசின் காசைப் பார்த்துச் சுடுமண்ணில் செய்து கோப்பதற்கு வளையம் அமைத்த வில்லைகள் தெலங்கானாவின் கொண்டாப்பூரில் கிடைத்துள்ளன. இத்தகைய படிகளில் தலை ஏறத்தாழத் தெளிவாக இருக்க, சுற்றிலும் உள்ள இலத்தீன் எழுத்து வெறுங்கோடுகளாக மாறிவிடுவது உண்டு. எழுத்தறியாத கை எழுத்தை அணியாக்கியது. இங்கு மொழிபெயர்க்க மொழியில்லை. 'எழுத்துப் போன்ற கோடுகள்' என்று எழுதுவதே முறை. தெரிந்த எழுத்தை ஊகித்து நிரப்புதல் பொய்ச் சான்று ஆகும்.

இவற்றைப் 'போலிக் காசுகள்' என அழைப்பது இன்றைய பொதுவழக்கில் கள்ளக் காசு என்னும் பொருளைத் தந்துவிடுகிறது. இலக்கண வழக்கிலோ, ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் மாறாமை போலி எனப்படும். அறம் என்பது அறன் என நிற்பினும் அறமே. மாலையில் கோப்பதற்குரிய தகுதியில் உரோமக் காசும் அதன் இந்தியப் படியும் ஒன்றாகவே கொள்ளப்பட்டிருப்பின், இலக்கணப் பொருளில் போலி என்பது மிகப் பொருத்தமான சொல். பொதுவழக்கின் கறை அச்சொல்லில் படிந்திருப்பதால், நூல்களில் 'படிக்காசு' என வழங்கலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், உரோமப் பொற்காசு ஒன்றைத் தமிழில் விளக்குவதற்கு மூன்று அடுக்குகள் வேண்டும் என்பது பெறப்படும். முதலாவது, காட்சி: 'வலம் நோக்கிய ஆடவன் தலை, இலைமாலையுடன், அமர்ந்த பெண், வலக்கையில் நீண்ட கோல், இடக்கையில் கிளை' என்பதுபோல். இரண்டாவது, எழுத்து: ஒலிபெயர்ப்பும், வேற்றுமை சிதையாத பொருளும், பிறகு, அறிஞர் தரும் பெயர் அறிஞர் கருத்தாகவே. மூன்றாவது, கைத்தடம்: துளை எத்தனை, எப்பக்கத்து உருவுக்கு மேலே, வெட்டு எவ்விடத்தில் என்பன. மூன்றாம் அடுக்கே இந்நாட்டு மக்களின் பங்கு. நம் விளக்கங்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே.

இது அருங்காட்சியகத்தார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் அதன் தன்மையையும் அளவையும் இடத்தையும் நாளையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. சித்தூரிலோ திருப்பதியிலோ அத்தகைய அறிவிப்பு எழுதப்படின், முதல் விளக்கத் தொடர் தெலுங்கிலோ தமிழிலோதான் அமையும். அத்தொடரில் 'சாமி உருவம் உள்ள காசு' என்று இருப்பதற்கும், 'தலைக்கு மேலே இரு துளையுள்ள காசு' என்று இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மொழியறிஞர் இத்துறைக்கு உடனடியாகச் செய்யத்தக்க பணி, இருமொழிக்கும் பொதுவான எளிய விளக்கச் சொற்பட்டியல் ஒன்றை ஆக்கித் தருவதே. தலை, பூ, பொம்ம, பொருசு, காசு என அதற்குரிய சொற்கள் மக்கள் வாயில் முன்னரே உள்ளன.

நெல்லூர்ப் பானையில் இருந்த காசுகளுள் பல உருகிப் போயின. எஞ்சியவற்றில் சில துளையுடையன என்பதை ஒரு கடிதத்தின் ஓரிரு தொடர்களால் இன்றும் அறிகிறோம். அத்துளைகள் யாருடைய தலைக்கு மேலே இருந்தன என்பதை அக்கடிதம் எழுதவில்லை. உருகிய பொன்னிடம் இனிக் கேட்கவும் இயலாது.